வளையல்காரரிடம் நீட்டும் கை

கசார் என்னும் மராத்திச் சொல்லுக்கு வளையல் விற்பவர் என்றும், பித்தளை செம்புப் பாத்திரங்கள் விற்பவர் என்றும் பொருள். அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிக்கொண்டிருக்கும் எங்கள் புனேயின் கசார்வாடியில், ஒரு பக்கம் லோனாவளா லோக்கலும் மறுபக்கம் தூண்களின் மீது மெட்ரோவும் ஓடிக்கொண்டிருக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாய்ப் போகும் வளையல்காரரை நான் கண்டு எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. ஆயினும் இவ்வூர்ப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், எங்கள் கிராமத்துக்கு வளைகாப்புக் காலங்களில் வந்துபோன வளையல் செட்டியாரின் ஞாபகம் எனக்கு வராமல் இருப்பதில்லை. அன்னிய ஆடவரின் நிழல்கூடப் படலாகாது என்று பெண்களை அடுக்களைக்குள் வைத்திருந்த வீடுகளில், அவர் ஒருவர்மட்டும் கூடத்தில் உட்கார்ந்து, பெண்களின் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, எலும்பை மெல்ல அழுத்தி வளையல் ஏற்றுவதை யாரும் ஆட்சேபித்ததில்லை. அவர் வருஷா வருஷம் வருகிறவர், கூப்பிடும்வரையில் திண்ணையில் காத்திருப்பார், வலித்தால் நிறுத்திவிடுவார்.

போன தை மாதத்தில் அவரை நினைப்பதற்கு வேறொரு காரணம் ஏற்பட்டது. சங்கராந்தி தொடங்கி ரத சப்தமி வரையில் இங்கே மராட்டிய ஸ்திரீகள் ஒருவரையொருவர் வீட்டுக்கு அழைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, எள்ளும் வெல்லமும் கொடுத்து, கூடவே ஒரு கிண்ணமோ சீப்போ தந்தனுப்பும் ஹள்தி-குங்கூ என்ற அழகிய சம்பிரதாயம் உண்டு. எங்கள் கட்டடத்தில் நடந்த அத்தகைய ஒரு வைபவத்துக்கு, சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருத்தி, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் துண்டுப் பிரசுரங்களுமாக வந்து சேர்ந்தாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைப் பற்றிச் சொல்ல வந்தவள், பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பெண்கள் ஒரு மூலையில் புரியாமல் விழிப்பதைக் கண்டு, "காகூ, நீங்கள் இவர்களுக்குத் தமிழில் சொல்லுங்களேன்" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன எனக்கு இது ஒரு பிரமாதமா என்று எழுந்து நின்றவள், முதல் வாக்கியத்திலேயே இடறினேன்.

கஷ்டம் சொல்லிலேயே இருந்தது. மராத்தியில் கர்பாஷயம், தமிழில் கர்ப்பப்பை; இரண்டிலும் கர்ப்பம் முன்னால் வந்து நிற்கிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் 'கர்ப்பப்பை ஊசி' என்று காதில் விழுந்த மாத்திரத்தில், நோயையும் மறந்து, தடுப்பையும் மறந்து, 'நாளைக்கு இவளுக்குப் பிள்ளை பிறக்காமல் போய்விட்டால்?' என்ற ஒரே பயம் தாயின் மனத்தைக் கவ்விக்கொள்கிறது. எங்கள் கீழ்வீட்டுப் பெண், ஒட்டன்சத்திரத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், வாய்விட்டே கேட்டாள்: "ஏன் டீச்சரம்மா, கல்யாணமே ஆவாத புள்ளைக்கு இது எதுக்கு?"

மறுமொழி சிக்கலானதல்ல, சொல்லத்தான் நா எழவில்லை. இந்நோய்க்கு மூலமான பாப்பிலோமா வைரஸ் ஆண் பெண் சேர்க்கையில் பரவுவது. பெரும்பாலும் உடம்பு தானாகவே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் சிலரிடத்தில் அது வருஷக்கணக்காய்த் தங்கிவிட்டால், பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின் புற்றாய்த் தலைகாட்டும். கிருமியைச் சந்திப்பதற்கு முன்பே உடம்பைத் தயார் செய்துவிட வேண்டும் என்பதனால்தான் ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். ஊசி மருந்தில் இருப்பது கிருமியின் மேற்சட்டைமட்டுமே; உள்ளே உயிர்ச்சரக்கு ஏதுமில்லாத அந்த வெற்றுச் சட்டையைப் பார்த்தே உடம்பு எதிரியின் முகத்தைக் கற்றுக்கொள்கிறது. இவ்வளவையும் சொல்ல வேண்டிய நான், "கல்யாணத்துக்கப்புறம் ஒட்டிக்கொள்ளும் கிருமி அம்மா" என்று பாதி உண்மையைச் சொல்லிச் சமாளித்தேன். அது ஆண்களிடமும் தங்குவது, அவர்கள் வழியாகவும் வருவது என்பதைச் சபையில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் 2007-ல் பெண்களுக்குத் தொடங்கி, 2013-ல் பையன்களுக்கும் இதே ஊசியைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நம்முடைய பிரசாரங்களில் பாரம் முழுவதும் பெண்ணைப் பெற்றவள் தலையில்தான் விழுகிறது.

நோயின் அளவை எடுத்துரைக்க நர்ஸ் ஒரு கணக்குச் சொன்னாள். உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் நம் தேசத்தில் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாய்க் கண்டது. ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். அறையில் யாரும் அசையவில்லை. லட்சங்களைக் கேட்டுப் பயப்படும் வழக்கம் நம் ஜனங்களுக்கு என்றுமே இருந்ததில்லை. வந்திருப்பவர் யார், எதற்காக வந்திருக்கிறார் என்பதைத்தான் அவர்கள் எடைபோட்டுக் கொண்டிருப்பார்கள். அப்படி எடைபோடுவதை அறியாமை என்று தள்ளிவிட நான் துணியமாட்டேன். அதிலும் புனேயில் வசிப்பவர் துணியலாகாது.

இங்கிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் சிஞ்சுவாட். 1897-ல் பிளேக் நோய் புனாவைச் சூறையாடியபோது, ராண்ட் என்ற ஆங்கில அதிகாரியின் கீழ்ச் சிப்பாய்கள் வீடு வீடாய் நுழைந்து, அடுக்களையென்றும் பூஜையறையென்றும் பாராமல் சோதனையிட்டு, பெண்களையும் அவமதித்ததாக எழுந்த கொந்தளிப்பில், ஜூன் 22-ஆம் தேதி இரவு, விக்டோரியா ராணியின் வைரவிழா விருந்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ராண்டைச் சுட்டவர்கள் அந்தச் சிஞ்சுவாட்டின் சாபேகர் சகோதரர்கள். சுகாதாரம் என்னும் நல்ல காரியம் வாசற்படியை மிதித்து ஏறிய விதத்தில் கெட்டு, கொலையிலும் தூக்குமேடையிலும் போய் முடிந்தது. அதே ஆண்டில், அதே நகரத்தில், நோய் கண்ட ஒரு சிறுவனைத் தன் முதுகில் சுமந்துகொண்டு மகன் நடத்திய சிகிச்சை விடுதிக்குப் போனவர் சாவித்திரிபாய் பூலே; அந்த நோயே அவரைப் பற்ற, மார்ச் 10-ஆம் தேதி காலமானார். நகரம் அவர்களில் யாரைத் தாய் என்று கொண்டாடுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நூறு வருஷங்களுக்குப் பிற்பாடு நாமே சுயராஜ்யத்தில் அதே பிழையின் சிறிய பிரதியொன்றைச் செய்தோம். 2009-ல் ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இத்தடுப்பூசி பரீட்சார்த்தமாகப் போடப்பட்டது. அவர்களில் ஏழு பேர் இறந்தபோது, ஊசிக்கும் மரணங்களுக்கும் சம்பந்தமில்லை என்று விசாரணைக் குழு கண்டது. ஆனால் சம்மதப் பத்திரங்களைப் புரட்டியவர்கள் கண்டது வேறு. கம்மத்தில் 2,763 பத்திரங்களில் தாய் தகப்பனுக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-ல் பாராளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்து குற்றமற்றதாயிருந்தும், கேளாமல் பிடித்த கையினால் அதன் பெயர் கெட்டு, இந்த ஊசி நம் நாட்டில் பல வருஷம் பின்தங்கிவிட்டது.

இந்த அனர்த்தத்திலிருந்தும் ஒரு நன்மை பிறந்ததை விதியின் விளையாட்டு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அதே 2009-ல், புனே உட்பட ஒன்பது இடங்களில், வேறொரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிவதற்காக 20,000 பெண்களைச் சேர்க்கப் புறப்பட்டவர்களை, 2010 ஏப்ரலில் கம்மத்துச் சர்ச்சையை ஒட்டி அரசாங்கம் நிறுத்திவிட்டது. அதுவரையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த 17,729 பேரில் 4,950 பேருக்கு ஒன்றுக்குமேல் கிடைக்கவில்லை. பாதியில் கைவிடப்பட்ட இப்பெண்களை ஆராய்ச்சியாளர்கள் கைவிடாமல் பத்து வருஷம் பின்தொடர்ந்தபோது, நோய்க்கு முக்கிய காரணமான 16, 18 என்ற வைரஸ் வகைகள் உடம்பில் நிலைத்துத் தங்குவதை அந்த ஒற்றை ஊசியே நூற்றுக்கு 95 பங்கு தடுத்திருந்தது. ஒரு ஊசியே போதும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இசைந்ததற்கு, இந்தப் பெண்கள் தந்த அத்தாட்சியும் ஒரு காரணம். உலகத்துக்குக் கிடைத்த இந்தச் சிக்கனம், நம் நாட்டுப் பெண்களின் அரைகுறை ஊசிகளிலிருந்து வந்தது.

மருந்துக்கும் நாங்கள் தொலைவில் இல்லை. நகரத்தின் மறுகோடியில் ஹடப்ஸரில் இருக்கும் சீரம் இன்ஸ்டிட்யூட் 'செர்வாவாக்' என்ற சுதேசித் தடுப்பூசியை 2023 ஜனவரியில் வெளியிட்டபோது, கடையில் அதன் விலை 2,000 ரூபாய். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவளுக்கு அது லேசான தொகையல்ல. விலையை அரசாங்கம் ஏற்கலாம். தமிழ்நாடு 2025 வரவு செலவுத் திட்டத்தில் பதினான்கு வயதுப் பெண்களுக்காக 36 கோடி ஒதுக்கியது. பணம் வந்துவிட்டால் வாசற்படி தானே தாழ்ந்துவிடுமா என்பது வேறு விஷயம். சிக்கிம் 2018-ல் பள்ளிக்கூடங்கள் வழியாக நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பெண்களுக்குமேல் போட்டு முடித்ததென்றால், ஆசிரியர்களையும் பெற்றோரையும் முதலில் உட்காரவைத்துப் பேசிய பிறகே சிரிஞ்சை எடுத்ததனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஹள்தி-குங்கூ நடந்த அன்று மாலை நர்ஸ் யாரையும் வற்புறுத்தவில்லை. ஊசி போட்டாலும் முப்பது வயதுக்குமேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், மற்ற வகை வைரஸ்களும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னாள். எள்ளுருண்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மறுவாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்து, ஊசியைப் பற்றிப் பேசாமல் யாருடைய இரத்த அழுத்தத்தையோ பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

கீழ்வீட்டுப் பெண்ணோ துண்டுப் பிரசுரத்தை நாட்காட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு, "எங்க சின்னம்மாவக் கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சரம்மா" என்றாள். அந்தச் சின்னம்மா சாமானியப்பட்டவள் அல்ல. 2000-ஆம் ஆண்டு தொடங்கி அம்பிளிக்கை ஆஸ்பத்திரியை ஆதாரமாகக் கொண்டு, திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களில் பழகிய நர்ஸ்கள் பெண்களுக்கு வினிகர் போன்ற திராவகத்தைத் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்த்துவந்தார்கள். இந்நோயால் வரும் மரணத்தை மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைத்ததாக 2007-ல் உலகமறிந்த அந்தச் சோதனையில் தானும் படுத்தெழுந்தவள் அவள். பரிசோதனையின் பெயரோ பயனோ அவளுக்கு ஞாபகமில்லை; வந்த நர்ஸின் முகம்மட்டும் ஞாபகமிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுப் பெண் என் எதிரிலேயே சின்னம்மாவுக்குப் போன் போட்டாள். கர்ப்பத்தைப் பற்றியோ காசைப் பற்றியோ கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அந்தக் கிழவி ஒலிபெருக்கியில் கேட்டது ஒன்றே ஒன்று: "ஊசி போடறது யாரு? அடிக்கடி வந்து போறாளே, அந்தப் பொண்ணுதானா?"

"அவதான் சின்னம்மா" என்றாள் இவள்.