வதந்தியல்ல, அங்குலக் கணக்கு

மே மாதம் 10ஆம் திகதி நெருங்கும்போதெல்லாம் ஞாயிறு மலர்களில் ஒரே கட்டுரை வெவ்வேறு பெயர்களில் வெளிவருகிறது. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாக்களைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பிற்றாம். மூடநம்பிக்கையில் ஊறிய சிப்பாய்கள் அதை நம்பி 1857இல் கிளர்ந்தெழுந்தார்களாம். வதந்தி என்ற சொல்லை அதிகாரத்தில் இருப்போர் எப்போது கையில் எடுக்கிறார்கள் என்பதைத் தொழில்முறையில் நீண்டகாலம் பார்த்தவன் என்பதால், இந்தக் கட்டுரையை மறுக்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் சொற்குழப்பம். இலங்கைப் பத்திரிகைகளில் சன்னம் என்று நாம் எழுதுவது ஈயக் குண்டை. தோட்டா என்பது அன்று அந்தச் சன்னத்தையும் வெடிமருந்தையும் ஒன்றாகச் சுற்றிய காகிதச் சுருள். ஈயத்தை எவரும் கடிக்கவில்லை. காகிதத்தின் மருந்து முனையைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, பின்னர் சுருளைத் தலைகீழாகத் திருப்பி, காகிதம் சுற்றிய சன்னத்தை உள்ளே இறக்குவார்கள்.

அதில் கொழுப்பு எதற்கு? இதைத்தான் நமது கட்டுரையாளர்கள் கேட்பதே இல்லை. பழைய பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் ஏறக்குறைய 0.75 அங்குலம், குண்டு 0.69 அங்குலம் அளவில் இருந்தது. ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி. குண்டு தளதளவென்று இறங்கும், எங்கோ போய் விழும். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் ரைபிளின் குழலோ 0.577 அங்குலம், அதற்கென முதலில் தெரிவுசெய்யப்பட்ட சன்னம் 0.568. இடைவெளி கால் மில்லிமீற்றர்கூட இல்லை. அதற்குள்ளேதான் காகிதமும் அடங்கவேண்டும். கரிய வெடிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மக் கசடாக எஞ்சும். வங்காளத்து வெயிலில் அந்தக் கசடு குழலுக்குள் காய்ந்து இறுகும். கொழுப்பின்றி அடுத்த சன்னம் இறங்காது. அதாவது, கொழுப்பைக் கட்டாயமாக்கியது மதமல்ல, அளவு. அந்த அளவைத் தெரிவுசெய்த மேசையில், அதை வாயில் வைக்கப்போகும் மனிதனைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் ஒருவர் உண்டு. 1853இல் கொழுப்புத் தோட்டாக்கள் சீதோஷ்ணப் பரிசோதனைக்காக இந்தியாவுக்கு வந்தபோது, வங்காளப் படையைச் சேர்ந்த கேணல் ஹென்றி டக்கர், கொழுப்பு எவரது சாதி, மத உணர்வையும் புண்படுத்தாது என்று உறுதிப்படுத்தாமல் சுதேசிப் படையினருக்கு அவற்றை வழங்கக்கூடாதென்று எழுத்திலேயே எச்சரித்தார். அந்தக் கடிதம் கோவைக்குள் உறங்கிற்று. 1857 ஜனவரியில் டம்டம்மில் விவகாரம் வெடித்த பின்னரே விசாரித்தார்கள். ஆட்சேபத்துக்குரிய கொழுப்பை விலக்க விசேட கவனம் எதுவும் எடுக்கப்படவில்லை என்பது அரசின் ஆவணங்களிலேயே பதிவாயிற்று. என்ன விலங்கின் கொழுப்பு என்று கொடுத்தவனுக்கே தெரியாதபோது, சந்தேகித்தவன் மூடனா? கோதுமை மாவில் எலும்புத்தூள் கலந்ததாக அன்று பரவிய கதையை வதந்தி என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். இதை அப்படிச் சொல்லாதீர்கள்.

ஆங்கிலேய ஆதரவாளர்கள் இன்னொரு வாதம் வைப்பார்கள்: கொழுப்பு இருந்தது சன்ன முனையில், கடித்தது மறுமுனையை. உண்மைதான். ஆனால் கட்டுக்கட்டாக அடுக்கிய தோட்டாக்களில், அந்த வெப்பத்தில், கொழுப்பு போட்ட இடத்திலேயே நின்றதென்று நம்ப வேண்டுமா? மீரட்டில் 85 குதிரைப்படையினர் மறுத்தவை கொழுப்பில்லாத பழைய தோட்டாக்கள் என்பதும் உண்மையே; கையால் கிழித்தால் போதும் என்றும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பளபளத்த காகிதமே சந்தேகத்துக்குரியதாகிவிட்ட காலம் அது. நான்கு ஆண்டுகள் கடிதத்தை உறங்கவிட்டவர்களின் வாக்குறுதியை நான்கு மாதத்தில் நம்பச் சொல்வது என்ன நியாயம்? அந்த 85 பேரையும் மே 9இல் படையணிகளுக்கு முன்னால் விலங்கிட்டார்கள். மறுநாள் நடந்தது யாவரும் அறிந்ததே.

அயோத்தி இணைப்பு, கடல்கடந்த சேவைக்கான புதிய சட்டம் ஆகிய 1856இன் காரணங்களை நான் மறக்கவில்லை. தோட்டா மட்டுமே காரணம் என்று சொல்வோரும் தவறு. ஆனாலும் ஒரு கேள்வி. தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணியச் சொல்லி, 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் இரத்தம் சிந்தவைத்த கம்பனிக்கு, ஐம்பது ஆண்டுகளின் பின்னரும் இது தெரியாதா?

சிப்பாய்களின் முறைப்பாட்டுக்கு அசையாத அந்த 0.568 பின்னர் மாறத்தான் செய்தது. இந்திய வெயிலில் சன்னத்தை உள்ளே தள்ள முடியவில்லை என்று ஆங்கிலேயப் படையினரும் சலித்துக்கொண்ட பின்னர், சில ஆண்டுகளுக்குள் சன்னத்தின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கொழுப்பின் இடத்தைப் பெரும்பாலும் தேன்மெழுகு பிடித்துக்கொண்டது.