அயல்மண்ணில் வழிநடை: அல்லலும் ஆக்கமும்

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை அவ்வள்ளலிடம் வழிப்படுத்துவது அவற்றின் அமைப்பு. வகுப்பறையில் இவற்றைப் பாடம் சொல்லும்போது வள்ளலின் கொடைச் சிறப்பையே நாம் பெரிதும் விரித்துரைக்கிறோம். ஆனால் 583 அடிகளையுடைய மலைபடுகடாம் வேறோர் உண்மையையும் உணர்த்துகிறது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் வழியின் இனிமையை மட்டும் கூறி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, புனம் காப்போர் எறியும் கவண்கல், கால் வழுக்கும் பாறை என வழியின் இடர்களையும் எடுத்துரைக்கிறார். இடரை மறைத்து வழி சொல்பவன் நல்ல வழிகாட்டி ஆகான் என்பது நம் முன்னோர் கண்ட நெறி.

இன்றைய பயணப் பேச்சில் அந்நெறி அருகிவிட்டது. சென்று வந்தோர் நிழற்படங்களைக் காட்டுகின்றனர். பட்ட பாட்டைச் சொல்வதில்லை. செல்லாதோர் இடரையே எண்ணி அஞ்சி இல்லத்திலேயே இருந்துவிடுகின்றனர். இரு சாராரும் பாதி உண்மையையே பற்றி நிற்கின்றனர். முன்பின் அறியாத நாட்டில், ஏற்பாட்டாளர் எவரும் இன்றி, தோளில் ஒரு பையோடு செல்லும் பயணத்தில் அல்லலையும் ஆக்கத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்க இயலாது. அல்லலின் வழியாகவே அங்கு ஆக்கம் வந்து சேர்கிறது. இது யான் பட்டறிந்த உண்மை.

சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் திங்களில், பன்னிரண்டு நாள் உஸ்பெகிஸ்தானில் தனியே சுற்றிவரும் வாய்ப்புக் கிட்டியது. தில்லியிலிருந்து தாஷ்கந்துக்கு வானூர்தியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். சென்னையிலிருந்து தில்லி செல்லும் நேரம்தான். தொலைவு அவ்வளவே எனினும், இறங்கியதும் யான் அடைந்த மாற்றம் பெரிது. கடைப்பலகைகளில் பாதி இலத்தீன் எழுத்து; பாதி உருசிய எழுத்து. எழுத்தறிவித்தலையே தொழிலாகக் கொண்டவன், எழுத்தறியாதவனாய்த் தெருவில் நின்றேன். ஒரு ரூபாய்க்கு நூறு சோமுக்கு மேல் கிடைத்தது. ஆதலால் ஒருவேளை உணவுக்கே ஆயிரம் ஆயிரமாக எண்ண வேண்டியிருந்தது. வாடகை வண்டிக்காரர் ஒருவர் மும்மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டார் என்பது மறுநாள்தான் விளங்கிற்று. சமர்கந்து செல்லும் விரைவு இரயிலில் இடமில்லை. மெதுவாகச் செல்லும் இரயிலில் நின்றும் அமர்ந்தும் சென்றேன்.

சமர்கந்தில் அல்லல் முற்றியது. ஆட்டுக்கொழுப்பில் சமைத்த பலாவ் சோறு என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உலூக் பேக் 1420இல் கட்டி முடித்த மதரஸா நடந்து செல்லும் தொலைவில் இருக்க, யான் இரண்டு நாள் விடுதிக் கட்டிலில் கிடந்தேன். கைப்பேசியில் மின்னூட்டம் இருந்தது. ஆனால் இல்லத்தாரிடம் உண்மையைச் சொல்ல நா எழவில்லை. "நலம்" என்று பொய் சொல்லி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அப்பொழுது நினைவுக்கு வந்தவர் இப்னு பதூதா. 1325ஆம் ஆண்டு தம் இருபத்தொன்றாம் வயதில், துணை எவரும் இன்றித் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட அப்பெரும்பயணி, தூனிசு நகரை அடைந்தபோது அழுதாராம். உடன் வந்தோரை வரவேற்க ஊரார் திரண்டிருந்தனர். அவருக்கு முகமன் கூற ஒருவரும் இல்லை. அவர் நிலையறிந்து வழிப்பயணி ஒருவர் அருகில் வந்து பேசிய பின்னரே மனம் தேறினார். பின்னாளில் சமர்கந்து வழியாகவும் கடந்து வந்த அவர், 1340களில் நம் மதுரைக்கும் வந்தார். அங்குக் கொள்ளைநோய் பரவியிருந்த வேளையில் கடுங்காய்ச்சலில் வீழ்ந்து, புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாகத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். உலகம் சுற்றியவரைக் காத்தது நம் வீட்டு அடுக்களைப் புளி!

எனக்கும் அப்படியோர் உதவி வந்தது. விடுதியை அவர்கள் மொழியில் 'மெஹ்மோன்கானா' என்பர். விருந்தினர் இல்லம் என்பது பொருள். அவ்வில்லத்து மூதாட்டி கதவைத் தட்டினார். என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் சென்று, பாலில்லாத பச்சைத் தேநீரும் குழைந்த சோறும் கொண்டுவந்து வைத்தார். நன்றி சொல்லச் சொல் தெரியாமல் விழித்த எனக்கு அவரே கற்றுக்கொடுத்தார்: 'ரஹ்மத்'. அருள் என்னும் பொருளில் நம் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் சொல், அங்கு நன்றி நவிலும் சொல்லாக வாழ்கிறது. உதவியை அருளென்றே உணரும் மக்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று முதல் என் செவி திறந்தது. நாம் கிதாபு என்பதை அவர்கள் 'கிதோப்' என்கின்றனர், துனியா அங்கு 'துன்யோ', பஜார் 'போஜோர்', தயார் 'தய்யோர்'. சந்தையில் குவித்து வைத்திருந்த தர்பூசணியை 'தர்வுஸ்' என்றபோது சிரித்துவிட்டேன். வழிகாட்டியோடு சென்றிருந்தால் அவரே எல்லாம் பேசியிருப்பார். இச்சொற்கள் என் செவிக்கு எட்டியிரா. புகாராவின் மண்சுவர்ச் சந்துகளில் வழி தவறிய மாலையில், 1127இல் எழுப்பிய கல்யான் மினாராவை அடையாளம் வைத்து நடந்தும் மீண்டும் மீண்டும் அதே தெருவுக்கே வந்தேன். மூன்றாம் முறை கண்ட முதியவர் ஒருவர், கையை நெஞ்சில் வைத்துத் தலைதாழ்த்தி, ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்து, பெருந்தெரு வரை உடன்வந்தார். வழி தவறாதிருந்தால் மினாராவைக் கண்டிருப்பேன், அம்மனிதரைக் கண்டிருக்கமாட்டேன்.

பெரியோர் கேட்கக்கூடும்: இத்துணை இடரை விலைகொடுத்து வாங்க வேண்டுமா? நியாயமான வினாவே. எல்லா வழிப்போக்கரும் நல்லவரைச் சந்திப்பதில்லை. இப்னு பதூதாவே இன்றைய அலிகர் அருகே கொள்ளையரிடம் சிக்கினார். 1349இல் ஊர் மீண்டபோது, தாய் சில திங்களுக்கு முன்னரே கொள்ளைநோயில் மறைந்துவிட்டிருந்தார். பயணம் கேட்கும் விலை சில வேளை திருப்பித் தர இயலாதது. ஆகவே ஆயத்தமின்றிப் புறப்படுவதை யான் ஆதரிக்கவில்லை. மருந்தும் காப்பீடும் கையில் இருக்கட்டும். கடவுச்சீட்டின் படி தனியே இருக்கட்டும். இருவர் மூவராய்ச் செல்லட்டும். இல்லத்தாரிடம் உண்மையைச் சொல்லும் துணிவும் உடன் இருக்கட்டும். ஆனால் இடரை அஞ்சிப் பிள்ளைகளை வாயிலிலேயே நிறுத்திவிட வேண்டா. பொருள் தேடக் கடல்கடந்து அனுப்ப அஞ்சாத நம் சமுதாயம், அறிவு தேடி அனுப்பவும் ஆண், பெண் இருபாலார்க்கும் இசைவளிக்க வேண்டும்.

ஊர் திரும்பிய மறுவாரம் எங்கள் பேருந்து நிலையத்தில் வடமாநிலத் தொழிலாளி இளைஞன் ஒருவனைக் கண்டேன். பேருந்துகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வெறித்துப் பார்த்து நின்றான். யாரோ அவனை அதட்டி விலகச் சொன்னார். அவ்விழிகளை எனக்குத் தெரியும். தாஷ்கந்தில் அவை என்னுடையவை. இத்தனை ஆண்டுகள் இத்தகையோரைக் கண்டும் காணாது கடந்தவன் யான். அன்று அருகில் சென்று, கைச்சாடையால் ஊரைக் கேட்டறிந்து, உரிய பேருந்தில் ஏற்றிவிட்டேன்.

மாணவச் செல்வங்களே! ஒருமுறையேனும் அறியாத மண்ணில் அந்நியராய் நின்று பாருங்கள். மீண்டு வந்து பட்டதை முழுமையாகச் சொல்லுங்கள். பின்பு உங்கள் ஊரில் திகைத்து நிற்கும் அந்நியர்க்கு வழிகாட்டுங்கள். ஆற்றுப்படை இன்றும் எழுதப்பட வேண்டிய இலக்கியமே.