பச்சைத் தண்ணீர்... பட்டினி மீன்!

‘‘மீன் குளத்தில் தண்ணீர் நன்றாகப் பச்சை கட்டியிருக்கிறது. ஆனாலும், கட்லா எடை கூடவில்லையே, ஏன்?’’

வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

‘‘தண்ணீரின் நிறத்தைவிட, பாசியின் அளவுதான் முக்கியம். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளை டாப்னியா போன்ற சிறு மிதவை உயிரிகள் தின்னும். அவற்றைக் கட்லா தின்னும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியோ, திரள் திரளாக மிதக்கும். அது டாப்னியாவின் வாய்க்குள் நுழையாது. அதனால் பாசி பெருகினாலும், மீனுக்கு இரை குறையும். இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுப்பதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும்.

முழங்கை வரை கையை நீருக்குள் விட்டுப் பாருங்கள். முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால், சாணம், யூரியா இடுவதை நிறுத்துங்கள். காற்று ஒதுக்கும் கரையில் சேரும் பாசிப்படலத்தை வழித்தெடுங்கள். அதில் நஞ்சு இருக்கக்கூடும். ஆடு, மாடுகளைக் குடிக்க விடாதீர்கள்.’’