கடைமடைக்கும் எட்டும் அலைவரிசை

கைப்பேசி ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் அலங்காரப் பொருளாகக் கருதப்பட்டது. இன்று அது தறிக்கும் ஏருக்கும் அடுத்தபடியான கருவியாகிவிட்டது. நெசவுக் கூலி வங்கிக் கணக்கில் சேர்ந்த செய்தி அதில்தான் வருகிறது. புதிய சேலைக்கான மாதிரிப் படமும் அதில்தான் வருகிறது. பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெறும் உழவர் தம் அடையாளத்தை உறுதி செய்ய, ஓ.டி.பி. என்னும் இரகசிய எண்ணை அதில் பெறுகிறார். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தபடியே இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டருக்குள்ளும் ஒரு சிம் அட்டை இருக்கின்றது. ஆகவே, கைப்பேசிச் செய்தி எந்த அலைவரிசையில் செல்கிறது என்பது பொறியாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமன்று. நம் மகாசபையிலும் பேசப்பட வேண்டிய விஷயமே ஆகும்.

அலைவரிசைகளின் இயல்பை அறிவது கடினமன்று. நம் நாட்டில் 4ஜி, 5ஜி சேவைகளுக்கென ஒதுக்கப்பட்டவற்றுள் 700 மெகாஹெர்ட்ஸ் தாழ்ந்த அலைவரிசைகளுள் ஒன்று. அதன் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். 3500 மெகாஹெர்ட்ஸ் அதனினும் ஐந்து மடங்கு உயர்ந்தது. அதன் அலை 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை தொலைதூரம் செல்லும்; தோப்பையும் சுவரையும் ஓரளவு ஊடுருவிச் செல்லும். ஆனால் அதில் இடம் குறுகியது. பெருந்தொகையான செய்திகளை அது ஒரே நேரத்தில் சுமக்க மாட்டாது. குறுகிய அலை ஏராளமாகச் சுமக்கும். ஆனால் கோபுரத்தைவிட்டு வெகுதூரம் செல்லாது, சுவருக்கு அப்பால் தளர்ந்துவிடும். முன்னது கடைமடை வரை ஓடும் ஒடுக்கமான வாய்க்கால் போன்றது. பின்னது தலைமடையிலேயே நின்றுவிடும் அகன்ற கால்வாய் போன்றது. நெருங்கிய நகரத்துக்குப் பின்னது வேண்டும். வீட்டின் உள்ளறையில் குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளிக்கும், ஊரைவிட்டு இரண்டு கல் தள்ளியிருக்கும் தோட்டக்காரருக்கும் முன்னதே கைகொடுக்கும்.

இத்தகைய 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை நம் நாட்டில் பட்ட பாட்டை அங்கத்தினர்கள் அறிய வேண்டும். 2016இல் அது முதன்முறை ஏலத்துக்கு வந்தது. நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என அடிப்படை விலை வைக்கப்பட்டது. கேட்பார் ஒருவரும் இல்லை. 2021இலும் அது விலைபோகவில்லை. அடிப்படை விலை 3,927 கோடியாகக் குறைக்கப்பட்ட பின்னர், 2022இல் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் அதன் ஒரு பகுதியை எடுத்தது. பொதுத்துறையைச் சேர்ந்த பி.எஸ்.என்.எல்.லுக்கும் அதில் பங்கு ஒதுக்கப்பட்டு, 2100 மெகாஹெர்ட்ஸுடன் சேர்த்து 4ஜி சேவைக்குப் பயன்படுத்தப்படுகின்றது. கிராமத்துக்கு மிகவும் ஏற்ற அலை ஆறாண்டுக் காலம் ஏல மேடையில் வாளாவிருந்தது! வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கின்றது. பொதுச் சொத்தின் பயனை ஏலத் தொகையைக் கொண்டு மட்டும் அளப்பது பொருந்துமா என்பதை ஆள்வோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

போனது போகட்டும். இனி வருவதே நம் கவலை. கோபுரத்தில் அலைவரிசை மாறினால் கைப்பேசியும் அதற்கு இணங்கியதாக இருத்தல் வேண்டும். 4ஜி கைப்பேசி என்று வாங்கப்பட்டவை எல்லாம் 700 மெகாஹெர்ட்ஸை ஏற்பன அல்ல. 28ஆம் எண் பட்டை என்று விவரத்தாளில் குறிக்கப்பட்டிருந்தாலே அது இவ்வலையை ஏற்கும். பழைய சிம் அட்டையை 4ஜி அட்டையாக மாற்றவும் வேண்டும். அன்றியும், 4ஜி வழியே பேசுவதற்கு வோல்ட்டி என்னும் வசதி கைப்பேசியில் இருத்தல் வேண்டும். அது இல்லாத கருவியில் படம் வரும், பேச்சு பழைய 2ஜி, 3ஜி வழியே செல்லும். பழைய மொபைல் ஸ்டார்ட்டர்கள் பலவும் 2ஜியில் மட்டுமே இயங்குபவை.

மாற்றமே கூடாது என்று நாம் கூறவில்லை. ஒரே அளவு அலையில் 2ஜியைவிட 4ஜி பன்மடங்கு செய்தியைச் சுமக்கும் என்பது மறுக்கவொண்ணாத உண்மை. பழைய சேவைக்கென அலைகளைப் பூட்டி வைப்பதும் ஒருவகை விரயமே. ஏர்டெல் நிறுவனம் 2019ஆம் ஆண்டு தொடங்கி 3ஜியை நிறுத்தி, அது பயன்படுத்திவந்த 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளை 4ஜிக்குத் திருப்பியது. ஆயினும் அப்போது எளிய கைப்பேசி வைத்திருந்தவர் பேசுவதற்கு 2ஜி எஞ்சியிருந்தது. இப்பொழுதோ 2ஜியையும் அடியோடு நிறுத்த வேண்டும் என்ற குரல் தொழில்துறையில் எழுந்துள்ளது. அதுவும் போய்விடுமானால் பழைய கருவிக்காரர் ஒதுங்குவதற்கு வேறு இடம் இராது. ஒருநாள் காலையில் கைப்பேசி ஊமையாகும், கூலிச் செய்தி வாராது, மோட்டார் ஓடாது. குற்றம் தம் கருவியிலா கோபுரத்திலா என்று அறியாமல் அவர் கடைவீதிக்கு அலைவார்.

ஆகவே நாம் வற்புறுத்துவது ஒன்றே: புதிய அலை கடைமடைக்குப் போய்ச் சேர்ந்த பின்னரே பழைய அலை நிறுத்தப்பட வேண்டும். போய்ச் சேர்ந்தது என்பதைக் கோபுரங்களின் எண்ணிக்கையால் முடிவு செய்தல் ஆகாது. வீட்டினுள்ளும் வயலிலும் அளந்து பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். நிறுத்தும் தேதியை ஓராண்டு முன்னதாகத் தெளிவான தமிழில் ஊர்தோறும் அறிவித்தல் வேண்டும். கருவியை மாற்ற இயலாத ஏழைகளுக்கு உதவியும் வேண்டும். அதற்கு வழி இல்லாமல் இல்லை. கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு சேர்ப்பதற்கென்றே 2002 முதல், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் பிடிக்கப்பட்டு ஒரு நிதி திரட்டப்பட்டு வருகின்றது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயரிட்டிருக்கின்றது. கோபுரம் எழுப்புவதோடு நில்லாமல், பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியதைக் குறைந்த விலையில் பெறும் திட்டத்துக்கும் அந்நிதி பயன்பட வேண்டும் என்பது நம் கருத்து.

அரசினரிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. நூலையும் உரத்தையும் கூட்டாக வாங்கக் கற்ற நாம், இதிலும் தனித்தனியே கடைக்காரரிடம் சிக்குவானேன்? ஒவ்வொரு சங்கமும் ஒரு பதிவேடு தொடங்கலாம். யார் யாரிடம் எவ்வகைக் கைப்பேசி உள்ளது, எந்தெந்த அலைவரிசையை அது ஏற்கும், சிம் அட்டை எத்தகையது, எத்தனை தோட்டங்களில் 2ஜி ஸ்டார்ட்டர் இருக்கின்றது என்பவற்றை அதில் குறிக்கலாம். படித்த இளைஞர் இருவர் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. கருவி மாற்ற வேண்டியவர்கள் ஐம்பது பேர் இருப்பின், ஐம்பதுக்கும் சேர்த்து விலை பேசலாம். தவணைக்கும் ஏற்பாடு செய்யலாம். சிக்னல் எட்டாத தெருக்களையும் வயல்களையும் குறித்து, சங்கத்தின் பெயரால் மனு அனுப்பலாம். ஒருவர் எழுதும் மனுவைவிடச் சங்கம் தீர்மானம் போட்டு அனுப்பும் மனுவுக்கு மதிப்பு மிகுதி.

எச்சரிக்கை ஒன்றும் கூற வேண்டும். மாற்றம் நிகழும் காலத்தில், "உமது சிம் நாளை நின்றுவிடும், இரகசிய எண்ணைச் சொல்லும்" என்று கேட்கும் வஞ்சகர் பலர் கிளம்புவர். தொலைபேசியில் எவர் கேட்பினும் அவ்வெண்ணைச் சொல்லலாகாது. சிம் அட்டையை நிறுவனத்தின் அலுவலகத்திலோ, அங்கீகாரம் பெற்ற கடையிலோ நேரில் சென்று மாற்றுவதே நன்று.

தலைமடைக்காரர் பாய்ச்சி முடித்துவிட்டார் என்பதற்காக மதகை அடைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இல்லை. கடைமடை வயல் நனைந்ததா என்று பார்த்துவிட்டே அடைப்பார்கள். அந்த நீதியை வான் அலைக்கும் கேட்போமாக. வருகின்ற மகாசபையில் இப்பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.