காதில் விழுந்தால் போதுமா?



நாட்டைக் காப்பவர் யார் என்று கேட்டால், எல்லையில் துப்பாக்கியுடன் நிற்கும் வீரர்தான் உடனே நினைவுக்கு வருவார். அகராதியும் கையுமாக மேசை முன் அமர்ந்திருப்பவரும் நாட்டைக் காக்கிறார் என்றால் நம்புவீர்களா?

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் பயங்கரவாதிகள் நான்கு விமானங்களைக் கடத்தித் தாக்குதல் நடத்தினர். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து விழுந்தன. ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். அதற்கு முதல் நாள், அந்நாட்டு உளவுத்துறையின் கருவிகளில் அரபு மொழிச் செய்திகள் இரண்டு சிக்கின. நாளை ஏதோ நடக்கப் போகிறது என்ற குறிப்பு அவற்றில் இருந்தது. அவை மொழிபெயர்க்கப்பட்ட நாள் எது தெரியுமா? செப்டம்பர் 12!

எங்கே, எப்படி என்ற விவரம் அவற்றில் இல்லை. அதனால், முன்பே படித்திருந்தாலும் தாக்குதலைத் தடுத்திருக்கலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், மொழி தெரிந்தவர்கள் போதாமல் ஏராளமான செய்திகள் தேங்கிக் கிடந்ததை அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை பிறகு எடுத்துக்காட்டியது. செய்தியைப் பிடிக்கக் கருவி இருந்தது. பொருள் சொல்லப் போதிய ஆள் இல்லை.

இதே அமெரிக்கா ஒரு காலத்தில் முன்யோசனையுடன் நடந்ததும் உண்டு. ஜப்பானுடன் போர் மூளலாம் என்று கருதிய அதன் ராணுவம், 1941 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், ஒரு பழைய விமானக் கொட்டகையில் ஜப்பானிய மொழிப் பள்ளியை ரகசியமாகத் தொடங்கியது. 4 ஆசிரியர்கள், 60 மாணவர்கள். மாணவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள்.

அடுத்த மாதமே போர் வந்தது. 1942-இல், ஜப்பானிய வம்சத்தினர் என்பதற்காகவே சுமார் 1,20,000 பேரை அரசு முகாம்களில் அடைக்கத் தொடங்கியது. அந்த மாணவர்கள் பலரின் பெற்றோரும் அதில் அடக்கம். ஆனாலும் அந்த இளைஞர்கள் கடமையிலிருந்து விலகவில்லை. 1944-இல் ஜப்பான் கடற்படையின் போர்த்திட்டம் ஒன்று சிக்கியபோது, அதை மொழிபெயர்த்த குழுவிலும் ஜப்பானிய அமெரிக்கர்கள் இருந்தனர். 2011-இல்தான் அவர்களது படைப்பிரிவுக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. எந்த வம்சத்தினர் என்பதால் சந்தேகிக்கப்பட்டார்களோ, அந்த வம்சத்தின் மொழியாலேயே நாட்டைக் காத்தார்கள்!

"இப்போது கணினியே மொழிபெயர்த்து விடுகிறதே?" என்று கேட்கலாம். கணினி உதவும்தான். ஆனால், ஒருவர் சொன்னது கேலியா, மிரட்டலா, மறைபொருளா என்று உணர, அம்மொழி பேசும் மக்களை அறிந்த மனிதர் வேண்டும்.

நம் நாட்டிலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் அயல்மொழிப் பள்ளி டில்லியில் இயங்குகிறது. அமெரிக்க ராணுவத்தின் மொழிப் பள்ளியில் அரபு, சீனம் போன்ற மொழிகளைக் கற்க முழுநேர வகுப்பே 64 வாரங்கள்! ஆபத்து வந்தபின் அவசரமாக வாங்கிவரக் கூடிய பொருள் அல்ல மொழி.

உங்களுக்கோ இது கற்கும் வயது. உங்கள் வகுப்பில் வேறு மொழி பேசும் நண்பர் இருக்கிறாரா? அவர் பேச்சைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். இன்றே அவரிடம் பத்துச் சொற்கள் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

என்ன, தொடங்கலாமா?

அன்புடன்,
ஆசிரியர்