சாலட்டைக் கழுவ எந்தத் தண்ணி, டாக்டரம்மா?

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

கத்திரி வெயில் வந்தாச்சு. வழக்கம்போல டைம்லைன் முழுக்க சாலட். கண்ணாடிக் கிண்ணத்துல லெட்டூஸ், கேல், அவகாடோ, மேல நாலு ஸ்ட்ராபெர்ரி. பார்க்க அழகாத்தான் இருக்கு. வாங்க முடிஞ்சவங்க வாங்கிச் சாப்பிடுங்க, எனக்கு அதுல சண்டை இல்லை.

சண்டை அதுக்குக் கீழே இருந்த ஒரு கமெண்ட்டோட. "ஏழைங்களும் பரோட்டாவை விட்டுட்டு இப்படி பழம், பச்சைக் கீரைன்னு சாப்பிட ஆரம்பிச்சா அரசு ஆஸ்பத்திரியில பாதிக் கூட்டம் குறையும்." எழுதினவர் ஒரு டாக்டர். லைக் போட்டவங்கள்ல என் பேட்ச்மேட்ஸ் சிலரும் உண்டு.

அந்தப் "பாதிக் கூட்டத்தை" தினமும் காலையில பார்க்கிறவ நான். எண்ணூர் பக்கம், அரசு மருத்துவமனை ஓபி. மீன் விக்கிறவங்க, துறைமுகத்துக்கு வெளியே ட்ரெய்லரை வரிசையில போட்டுட்டு மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கிற டிரைவர்கள், ஒப்பந்தத் தொழிலாளிகள், அவங்க குழந்தைகள். அதனால பதில் சொல்ற உரிமை எனக்குக் கொஞ்சம் இருக்குன்னு நினைக்கிறேன்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். சில வருஷம் முன்னாடி ஒரு கர்ப்பிணிப் பொண்ணு, ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன். கூடவே பெரிய லெக்சர். "கீரை, பழம் நிறைய எடுத்துக்கணும். எல்லாத்தையும் வேக வெச்சு சத்தைக் கொல்லாதீங்க. பச்சையா, சாலட் மாதிரி சாப்பிடுங்க." நானும் ரீல்ஸ் பார்த்த தலைமுறைதானே.

அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டுது. சில வாரம் கழிச்சு விடாத காய்ச்சலோட அட்மிஷன். பிளட் கல்ச்சர்ல டைஃபாய்டு. சாலட்தான் காரணம்னு என்னால நிரூபிக்க முடியாது. குடிச்ச தண்ணியா இருக்கலாம், வெளியில சாப்பிட்டதா இருக்கலாம். தாயும் பிள்ளையும் நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க. ஆனா வார்டுல அவங்க மாமியார், கூடையில மீன் சுமந்து விக்கிற அம்மா, என்கிட்ட கேட்டது இன்னும் காதுல இருக்கு.

"பச்சையா துன்ன சொன்னியே டாக்டரம்மா, எந்தத் தண்ணில கழுவறது? கொழாத் தண்ணி நாறுது. வண்டித் தண்ணி குடிக்கவே பத்தல."

எம்பிபிஎஸ்ல அஞ்சரை வருஷம் படிச்சேன். சமூக மருத்துவம் பேப்பர்ல தண்ணீரைப் பத்தி பக்கம் பக்கமா எழுதி பாஸானேன். ஆனா ஒரு நோயாளிக்கு "பச்சையா சாப்பிடு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி "உங்க வீட்டுல தண்ணி எப்படி வருது?"ன்னு கேட்கணும்னு தோணலை.

நான் சொல்ல வர்றது இதுதான்: சாலட்ல முதல் பொருள் கீரையும் இல்லை, பழமும் இல்லை. தண்ணி. அது சுத்தமா கிடைக்காத தெருவுல போய் "பச்சையா சாப்பிடு"ன்னு சொல்றது அரைகுறை வைத்தியம். சாப்பிடலைன்னு அவங்களையே குத்தம் சொல்றது அதைவிட மோசம்.

பச்சை இலையில அப்படி என்னதான் ஒட்டியிருக்கும்? மனிதக் கழிவு கலந்த தண்ணீர் பட்டிருந்தா டைஃபாய்டு கிருமி, காலரா, மஞ்சள் காமாலை தர்ற ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள். இதுல ஹெபடைடிஸ் ஈ, நமக்கெல்லாம் ரெண்டு மூணு வாரம் படுத்தி எடுத்துட்டுப் போயிடும். கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல வந்தா உயிரையே எடுக்கும்.

இன்னொண்ணு, நாடாப்புழு முட்டை. பன்றிக்கறியைத் தொடாத சுத்த சைவக்காரருக்கும் மூளையில புழுக்கட்டி வந்து வலிப்பு வரும். எப்படின்னு குடும்பமே குழம்பிப் போகும். புழு இருக்கிற ஒரு மனிதரோட மலத்திலிருந்து முட்டை மண்ணுக்கும் தண்ணிக்கும் போய், அங்கிருந்து பச்சைக் காய்கறி வழியா வாய்க்கு வருது. அந்த முட்டையை குளோரின் கொல்லாது. ஓடுற தண்ணில தேய்ச்சுக் கழுவினா பெரும்பாலும் போகும், கொதிக்க வெச்சா சாகும்.

உப்பு, மஞ்சள் போட்டு ஊற வெச்சா போதும்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க. புழு பூச்சி விலகும், மண் இறங்கும். கிருமி சாகும்னு நம்பாதீங்க. வினிகரும் ஓரளவுக்குத்தான்.

சரி, தண்ணி ஏன் கெடுது? பக்கத்துலதான் காட்டுப்பள்ளி. 2010-லிருந்து அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கு, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன். ஆலையில சுத்தமாகிற தண்ணி வீட்டுக்கு வர்ற வழியிலதான் பிரச்சினை. எந்த ஊரா இருந்தாலும், விட்டு விட்டு தண்ணி வர்ற குழாயில, தண்ணி நிக்கிற நேரம் உள்ளே அழுத்தம் இறங்கும். பழைய குழாயில விரிசல் இருந்து, பக்கத்துலயே சாக்கடையும் ஓடினா, கழிவுநீரை அதுவே உறிஞ்சிக்கும். அப்புறம் தண்ணி திறந்ததும் முதல்ல வர்றது என்னன்னு குடத்தோட நிக்கிறவங்களுக்குத் தெரியும். அதான் முதல் ரெண்டு குடத்தைக் கீழே ஊத்திடறாங்க.

அந்த வரிசையில நின்னு, நாலு குடம் பிடிச்சு, மூணாவது மாடிக்குத் தூக்குற பொம்பளை ஒரு கீரைக்கட்டை ஓடுற தண்ணில இலை இலையா கழுவணும்னு எழுதறவங்க, ஒரே ஒரு நாள் வந்து அந்தக் குடத்தைத் தூக்கிப் பார்க்கட்டும்.

நம்ம பாட்டிங்க கீரையைக் கடைஞ்சும் பொரிச்சும் சாப்பிட்டது சத்து தெரியாத முட்டாள்தனம்னு நினைச்சவ நான். அது அனுபவ அறிவு. பச்சையா சாப்பிடறதும் நமக்குப் புதுசு இல்லை. ராம நவமிக்கு வெள்ளரியும் பாசிப்பருப்பும் மாங்காயும் சேர்த்துக் கோசுமல்லி பண்றோம். இலங்கைத் தமிழர் வீடுகள்ல வல்லாரைச் சம்பல் இன்னைக்கும் தினப்படி சமாச்சாரம். பச்சை வல்லாரையைப் பொடியா நறுக்கி, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு எலுமிச்சை பிழிவாங்க. சாலட்னு பேர் வைக்கலை, அவ்வளவுதான்.

அப்போ எண்ணூர்ல சாலட்டே வேண்டாமா? வேணும். தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசு வரைக்குமான பெண்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) சொல்லுது. கீரையும் பழமும் கண்டிப்பா வேணும். இப்போ நான் நோயாளிங்களுக்குச் சொல்றது இது:

தண்ணியை நல்லா கொதிக்க விடுங்க. கழுவின சிறுகீரையோ அரைக்கீரையோ முளைக்கீரையோ அதுல போட்டு, ரெண்டு மூணு நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டு எடுங்க. இரும்புச்சத்து சூட்டுக்கு எங்கேயும் போகாது. வைட்டமின் ஏ ஆகிற கரோட்டின், லேசா வெந்து ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்ந்தா உடம்புல இன்னும் நல்லா சேரும். வைட்டமின் சி கொஞ்சம் போகும்தான். அதைப் பழம் ஈடு கட்டும்.

ஆறினதும் நறுக்கிக்கோங்க. அதோட கொய்யா, தோல் சீவின வெள்ளரி, தோல் சீவின மாங்காய், வேக வெச்ச வேர்க்கடலை இல்லைன்னா சுண்டல். மேல எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். புளிப்பு சேர்ந்தா கீரையில இருக்கிற இரும்பை உடம்பு நல்லா எடுத்துக்கும். ஒரு கொய்யாவுல ஆரஞ்சை விட பல மடங்கு வைட்டமின் சி இருக்கு. சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, அந்த இரும்பை டீ தடுத்துடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் இதை அப்படியே செய்யாதீங்க. கீரையிலயும் பழத்துலயும் பொட்டாசியம் அதிகம். உங்க டாக்டர்கிட்ட அளவு கேளுங்க.

தர்பூசணி பத்தியும் ரெண்டு வார்த்தை. 2025 கோடையில, பழத்துக்குள்ள ஊசியில சாயம் ஏத்தறாங்கன்னு ஒரு பீதி கிளம்பி, விலை விழுந்து, பயிர் பண்ண விவசாயிங்க நடுத்தெருவுல நின்னாங்க. ஊசி போட்ட இடத்துல கிருமி புகுந்து பழம் சீக்கிரமே அழுகும், சாயமும் பழம் முழுக்க ஒரே சீரா பரவாது. டிஷ்யூ பேப்பர்ல சிவப்பு ஒட்டுதேன்னு கேட்டாங்க. பழத்துக்கே சிவப்பு நிறம் தர்ற லைகோபீன் இருக்கு, ஒட்டத்தான் செய்யும். இல்லாத ஊசிக்குப் பயந்தவங்க, அதே பழத்தை வெட்டின கத்தி எந்த பக்கெட்ல முங்கி எழுந்துச்சுன்னு பார்க்கலை. பழத்தை வெட்டறதுக்கு முன்னாடி தோலைக் கழுவுங்க, தோல்மேல இருக்கிறதை கத்திதான் உள்ளே கொண்டு போகும். வெட்டின பழம் இந்த வெயில்ல ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியில இருந்தா வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கு, அதுக்கு என்கிட்ட ரெசிபி இல்லை. போன வருஷம் ஒரு பாட்டி, வீட்டு மரத்து முருங்கைக்கீரையைப் பாசமா ஒரு பை நிறைய கொண்டு வந்து கொடுத்தாங்க. கழுவினேன், தண்ணி சாம்பல் நிறத்துல இறங்குச்சு. அது எங்கிருந்து வந்த தூசின்னு நான் சோதிக்கலை. ஆனா இந்த ஊர்ல அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆத்துல படிஞ்சது பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன விஷயம். இலைமேல படிஞ்ச தூசியைக் கழுவிடலாம். மண்ணுல ஈயமோ காட்மியமோ இருந்து வேர் அதை உறிஞ்சி இலைக்கு அனுப்பியிருந்தா, எந்தத் தண்ணில கழுவினாலும் கொதிக்க வெச்சாலும் போகாது. மத்த காய்களை விட கீரைங்கதான் இப்படிச் சேர்த்து வெச்சுக்கும். "வீட்டுலயே கீரை வளருங்க"ன்னு இந்தப் பகுதிக்கு வந்து வகுப்பு எடுக்கிறவங்க, முதல்ல மண்ணைச் சோதிச்சுக் கொடுங்க.

அரசு ஊழியர் இதெல்லாம் எழுதலாமான்னு இன்பாக்ஸ்ல யாராவது கேட்பீங்க. தண்ணியைக் காய்ச்சிக் குடின்னு சொல்றது என் வேலை. ஏன் காய்ச்ச வேண்டியிருக்குன்னு சொல்றதும் அதே வேலைதான்.

அந்த கமெண்ட் போட்ட டாக்டருக்கு: கூட்டம் குறையணும்னு உங்களைவிட எனக்கு ஆசை அதிகம் சார். மதியம் ஒரு மணிக்கு சாப்பிடப் போகலாம்.

இதைப் படிக்கிற நீங்க ஒண்ணு பண்ணுங்க. குழாய்த் தண்ணில மீதமுள்ள குளோரின் லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் இருக்கணும்னு இந்தியத் தரநிர்ணயம் சொல்லுது. சோதனைக்கு ரெண்டு நிமிஷம் போதும், சின்ன டப்பாவுல மருந்தை விட்டு நிறம் பார்ப்பாங்க. உங்க வார்டு சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்க. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வீட்டுல வேண்டாம், அங்கே எப்பவும் சரியாத்தான் இருக்கும். குழாய் முடியுற கடைசி வீட்டுல எடுக்கச் சொல்லுங்க. தெரு பேரோட அந்த எண்ணைக் கீழே போடுங்க. எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம், எந்தத் தெருவா இருந்தாலும் சரி. நான் ஒரு பட்டியலா சேர்த்து வைக்கிறேன்.