செட்டுக்கு ஒரே சொல்லா?

'செட்' என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல்லைக் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்று கலைச்சொல் அன்பர்கள் சிலர் விடாப்பிடியாக நிற்கின்றனர். நாம் உடன்படவில்லை. ஆங்கிலத்திலேயே அதற்குப் பொருள் ஒன்றன்று. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவே அந்தச் சொல்லுக்குத்தான்.

கணிதத்தில் தமிழகப் பாடநூல் 'கணம்' என்கிறது. இலங்கைப் பாடநூல் 'தொடை' என்கிறது. கணிதம் சொல்லும் தொகுப்பில் உறுப்புகளுக்கு வரிசை கிடையாது. தொடுப்பதிலோ வரிசை உண்டு. எனவே அங்கே நம் வாக்கு கணத்துக்கே. (ஈழத்து நண்பர்கள் பொறுத்தருள்க.)

திருவரங்கத்துக் கடைத்தெருவில் அந்தக் கணம் செல்லாது. வாழைப்பழம் சீப்பு, சீப்புகள் சேர்ந்தால் தார், வெற்றிலை கவுளி, பூ சரம். கோயிலுக்குள் சென்றால் வைகுந்த ஏகாதசியை ஒட்டிப் பகல்பத்து, இராப்பத்து. இராப்பத்தில் திருவாய்மொழி நாளுக்கு ஒரு பத்தாகச் சேவிக்கப்படுகிறது. அது அந்தாதி, ஒரு பாட்டை இடம் மாற்றினாலும் தொடர் அறுந்துவிடும். வரிசையே உயிரான ஒன்றைக் கணம் என்பதா?

உரைநூல் தொகுதிகளைக் கடைக்காரர் 'ஒரு செட்' என்று கட்டிக் கொடுப்பதில் நமக்குச் சண்டையில்லை; அவர் எண்ணுவது அட்டைகளை. செட் தோசையையும் மறுக்காமல் உண்கிறோம். மேடையேறிய தமிழறிஞர் பத்துப் பாசுரங்களை 'ஒரு செட்' என்னும்போதுதான் காது கூசுகிறது. 'பத்து' என்ற சொல் அவர் நாவிலேயே இருந்ததே!

கலைச்சொல் பட்டியலில் 'செட்' என்பதற்கு எதிரே ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விடுவோர், முதலில் அந்தக் கட்டத்தை அகலமாக்கட்டும்.